காற்றடைத்த காயக்கில் தாமிரபரணி: இறங்கும் முன்...

1. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரியுங்கள். மழையே இல்லாத நாளிலும் ஆறு சட்டென்று ஏறும்.

2. அணைக்கட்டுக்கு வெகு முன்பே கரையேறி, காயக்கைச் சுமந்து நடங்கள். சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் உட்பட இந்த ஆற்றில் எட்டு உண்டு. மேலிருந்து வரும்போது தண்ணீரில் ஒரு கோடு மாதிரிதான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கீழே விழுந்த நீர் திரும்பிச் சுழன்று, விழுந்தவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

3. கரையில் இழுக்காதீர்கள், தூக்குங்கள். கருவேல முள் ஒன்று போதும், சவாரி முடிந்தது. படித்துறைப் பக்கம் பாட்டில் சில்லும் கிடக்கும்.

4. வெயிலில் நிறுத்தும்போது கொஞ்சம் காற்றை இறக்குங்கள். சூட்டில் காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும்.

5. நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே மணல் அள்ளிய குழி இருக்கலாம்.

6. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மீனவர்களிடம் காற்று கேட்டுவிட்டு இறங்குங்கள். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று என்றால் கடல் பக்கம் போகவே வேண்டாம். எடையில்லாத காயக்கைச் சருகு மாதிரி கடலுக்குள் தள்ளிவிடும்.