லேடிஸ்மித் முற்றுகையைக் கண்ட பதக்கம்

கேள்வி: பழைய நாணயங்கள் சேகரிக்கிறேன். அண்மையில் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினேன். ஒரு பக்கம் முக்காடிட்ட விக்டோரியா ராணி; மறுபக்கம் கொடி ஏந்திய பெண். மேலே மூன்று பட்டைகள்: எலண்ட்ஸ்லாக்டே, டிஃபென்ஸ் ஆஃப் லேடிஸ்மித், பெல்ஃபாஸ்ட். விளிம்பில் ஓர் எண், ஒரு பெயர், டெவன் ரெஜிமென்ட். இது எந்தப் போருக்குக் கொடுத்தது? கறுத்துக் கிடக்கிறது, பாலிஷ் போடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாலிஷ் போடவே போடாதீர்கள். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள பெயர் மழுங்கும். இந்தப் பதக்கத்துக்கு உயிரே அந்தப் பெயர்தான்.

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் நடந்த போயர் போருக்காக வழங்கிய 'குவீன்ஸ் சவுத் ஆப்பிரிக்கா மெடல்' இது. முதலில் 1899–1900 என்று ஆண்டு பொறித்தே அச்சடித்தார்கள். போர் முடிகிற வழியாக இல்லை என்றதும் ஆண்டை நீக்கினார்கள். சில பதக்கங்களில் அதன் தடம் இன்னும் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். டெவன்ஷயர் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் 1899இல் இந்தியாவிலிருந்துதான் நேட்டாலுக்குக் கப்பலேறியது. அக்டோபர் 21 அன்று எலண்ட்ஸ்லாக்டேயில் போயர்களின் குன்றை நேர் எதிரே தாக்கியவர்கள் இவர்கள். வென்றும் பயனில்லை. நவம்பர் 2 முதல் 118 நாள் லேடிஸ்மித் நகரில் முற்றுகைக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். குதிரைகளை வெட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். டைபாய்டு வாரிக்கொண்டு போனது. 1900 ஜனவரி 6 அன்று நகரை ஒட்டிய வேகன் ஹில் குன்றில் கொட்டும் மழையில் இவர்களின் மூன்று கம்பெனிகள் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து போயர்களை விரட்டின. அந்தச் சண்டைக்கெனத் தனிப் பட்டை கிடையாது. உங்கள் சிப்பாய் அந்த மூன்று கம்பெனிகளில் இருந்தாரா என்பதைப் பதக்கம் சொல்லாது. முற்றுகைக்குள் இருந்தார் என்பதை மட்டும் சொல்லும். பெல்ஃபாஸ்ட், அதே ஆண்டு ஆகஸ்டில் டிரான்ஸ்வாலில் நடந்த சண்டை.

இதே படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியன், நகரை மீட்க வந்த ஜெனரல் புல்லரின் சேனையில் வெளியே போராடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 'ரிலீஃப் ஆஃப் லேடிஸ்மித்' பட்டை. புல்லரின் சேனைக்குத்தான் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் காயம்பட்டவர்களைச் சுமந்தது. சுமார் 1,100 பேரில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நம் தமிழர்கள் அவர்களில் ஏராளம். பதக்கம் கிடைத்ததோ தலைவர்கள் 37 பேருக்கு மட்டும். தோளில் தூக்கிச் சுமந்தவர்களின் பெயர் எந்த விளிம்பிலும் ஏறவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். காந்தி தன் பதக்கத்தை 1920இல் அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: எண், பெயர் இரண்டையும் லென்ஸ் வைத்துப் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 100' என்ற தொகுப்பில் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. யாருக்கு எந்தப் பட்டை என்பது அதில் இருக்கும். அங்கே இல்லாத பட்டை உங்கள் பதக்கத்தில் இருந்தால், பெரும்பாலும் பின்னால் யாரோ மாட்டியது. 'டபிள்யூ.ஓ. 97' தொகுப்பில் அவருடைய பணிக் கோப்பு கிடைத்தால் பிறந்த ஊர், உயரம், தொழில் வரை தெரியவரும். மூன்று பட்டைகளும் பதக்கப் பட்டியலோடு பொருந்தினால் அவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வரும் வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.