உத்தராயணம் எந்நாள்?

காலத்தை நாம் கண்ணால் காண்பதில்லை. ஞாயிறு செல்லும் வழியையும், திங்கள் வளர்ந்து தேய்வதையும், பருவங்கள் மாறி வருவதையும் கண்டே அதனை அளக்கிறோம். ஆதலின், நமது கணக்கு வானத்தோடு ஒத்திருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்தறிதல் வேண்டும்.

“மார்கழியில் மணம் கூடாது, உத்தராயணம் பிறக்கட்டும்” என்னும் பேச்சை நம் உறவினர் இல்லங்களில் இன்றும் கேட்கிறோம். உத்தராயணமாவது ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புதல். பஞ்சாங்கம் அதனைத் தை முதல் நாளில், ஜனவரி 14 அல்லது 15-இல் வைக்கிறது. வானம் என்ன கூறுகிறது?

சாஞ்சித் தூபி கடகரேகைக்கு மிக அருகில் உள்ளது. அங்கே சமதரையில் 100 சென்டிமீட்டர் உயரமுள்ள கோலொன்றை நேராக நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் அளப்பதாகக் கொள்வோம். ஜூன் 21-ஐ ஒட்டி நிழல் ஏறத்தாழ மறைந்துவிடும். பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் அது சுமார் 43 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பர் 21 அல்லது 22-இல் சுமார் 107 சென்டிமீட்டராக நீளும்; ஆண்டின் மிக நீண்ட நண்பகல் நிழல் அதுவே. பின்னர் அது குறுகத் தொடங்கும். ஜனவரி 14-இல் அளந்தால் சுமார் 99 சென்டிமீட்டரே காண்போம். தை பிறக்கும்போது ஞாயிறு திரும்பி மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது.

அங்ஙனமாயின் முன்னோர் பிழை செய்தனரா? இல்லை. பஞ்சாங்கம் விண்மீன்களை எல்லையாகக் கொண்டு ஆண்டைக் கணிக்கிறது. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வினால் உண்டாகின்றன. அவ்வச்சு, பம்பரம் தலையசைத்துச் சுழல்வதுபோல, சுமார் 25,800 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே, ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் அக்கணக்கு பருவத்திற்குப் பிந்துகிறது. கி.பி. 285-ஐ ஒட்டிய காலத்தில் இரண்டும் ஒன்றியிருந்தன. முன்னோர் வானத்தைக் கண்டு எழுதினர். நாம் காணாமலே படித்து வருகிறோம்.

இதனை ஆராய இந்திய அரசு 1952-இல் பேராசிரியர் மேகநாத சாகா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாட்டில் சுமார் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதை அக்குழு கண்டது. அதன் பரிந்துரையின்பேரில் 1957 மார்ச் 22-ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாகக் கொண்டு, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. இரவும் பகலும் ஒத்த நாளைத் தழுவியே அதன் ஆண்டு தொடங்குவதால், அது பருவத்தை விட்டு விலகுவதில்லை.

பழைய கணக்கைத் திருத்தலாமோ என்று சிலர் தயங்கக்கூடும். பிக்குகளின் மழைக்கால வாசத்தை எண்ணிப் பார்ப்போம். ஆசாடப் பௌர்ணமிக்கு மறுநாள் அது தொடங்குகிறது. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாட்களே ஆகும். ஞாயிற்றின் ஆண்டிற்குச் சுமார் 11 நாட்கள் குறைவு. இதனைத் திருத்தாது விட்டால், பதினாறு ஆண்டுகளில் மழைக்கால வாசம் பனிக்காலத்தில் வந்துவிடும். அதனாலேயே 19 ஆண்டுகளில் ஏழு அதிக மாதங்களைச் சேர்த்தனர். மழைக்கு ஏற்ப மாதத்தைத் திருத்தினரேயன்றி, மாதத்திற்கு ஏற்ப மழை வருமென்று காத்திருந்தாரில்லை.

பொங்கல் அறுவடை விழா. அதன் மகிழ்ச்சிக்கு ஞாயிறு அன்றே திரும்பியாக வேண்டுவதில்லை. அதனை நாள் மாற்றுமாறும் நாம் கூறவில்லை. ஆனால், ஞாயிறு திரும்பவில்லை என்று சொல்லி ஒரு மணத்தையோ நற்செயலையோ தள்ளிவைத்தல் மெய்க்குப் பொருந்தாது. மார்கழியின் முதல் வாரத்திலேயே அது திரும்பிவிடுகிறது.

பயிற்சி: பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகலில் நேர்க்கோலின் நிழல் மறைகிறது. அங்குள்ள அன்பர்கள் பிள்ளைகளுடன் கோல் நட்டு இதனைக் காண்பார்களாக. டிசம்பர் 22-இலும் ஜனவரி 14-இலும் நிழலை அளந்து, இரு அளவுகளையும் குறித்து வைப்பார்களாக. கடிகாரத்தின் பன்னிரண்டு மணியை நம்பவேண்டா. அன்றைய நிழல்களுள் மிகக் குறுகியதே நண்பகல் நிழலாகும்.