மறைந்து நின்ற எழுத்து

ஒருவன் நற்பெயரைக் கெடுக்கும் சொல், உடலிற் பட்ட அடியினும் கொடிது. ஆகவே, பழி தூற்றுவாரை ஒறுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கூறிய பழி உண்மையாயின் என் செய்வது? கூறியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டால் யாரை ஒறுப்பது? இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுந்த வழக்கு ஒன்று 1735-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடைபெற்றது.

அந்நாளில் நியூயார்க் ஆங்கில அரசுக்கு உட்பட்ட குடியேற்ற நாடாய் இருந்தது. அதன் ஆளுநர் வில்லியம் காஸ்பி, தமக்கு மாறாகக் கருத்துரைத்த தலைமை நீதிபதியையே பதவியினின்றும் நீக்கியவர். அவர் செயல்களைக் கண்டிக்க 1733-இல் ஒரு வார இதழ் தோன்றியது. அதனை அச்சிட்டவர் ஜான் பீட்டர் ஜெங்கர் என்னும் ஜெர்மானியர். ஆயினும் எழுதியவர் அவரல்லர். ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் முதலிய கற்றறிந்தோர் தம் பெயரை மறைத்து எழுதினர். அவர்கள் எழுதியன யாவும் நேரிய கண்டனம் என்று சொல்வதற்கில்லை. ஆளுநரைச் சார்ந்தாரை ஓடிப்போன நாயாகவும், சங்கிலியை அறுத்த குரங்காகவும் காட்டும் போலி விளம்பரங்களையும் வெளியிட்டனர். இஃது அறிஞர்க்கு அழகன்று.

எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு 50 பவுன் பரிசு என்று ஆளுநர் அறிவித்தார். பயனில்லை. நான்கு இதழ்கள் தீயிலிடப்பட்டன. 1734 நவம்பரில் ஜெங்கர் சிறைப்பட்டார். பெரும்பொருள் பிணையாகக் கேட்கப்பட்டமையால் எட்டுத் திங்களுக்கு மேல் சிறையிலேயே வாடினார். எழுதியவர் பெயரை மட்டும் அவர் உரைத்திலர். சிறைக்கதவின் துளைவழியே அவர் சொல்வதைக் கேட்டு, அவர் மனைவி ஆன்னா இதழை நடத்தி வந்தார். ஒரே ஒரு வாரந்தான் இதழ் வெளிவராது நின்றது.

ஜெங்கருக்காக வாதாட முன்வந்த அலெக்ஸாண்டரும் அவர் நண்பரும் வழக்குரைக்கும் உரிமையை இழந்தனர். ஆதலின், பிலடெல்பியாவிலிருந்து ஆண்ட்ரூ ஹாமில்டன் என்னும் முதிய வழக்கறிஞர் வந்தார். இவர்தாம் அச்சிட்டாரா என்பதையே ஜூரர் ஆராயலாம். அச்சிட்ட செய்தி மெய்யா என்பதை ஆராயலாகாது. இதுவே அக்காலச் சட்டம். உண்மையான பழி அமைதியை மேலும் குலைக்கும் என்பது சட்டம் வல்லார் கொள்கை! ஹாமில்டனோ எழுந்தவுடனே, அச்சிட்டவர் ஜெங்கரே என்று ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்புச் சாட்சிகளுக்கு வேலையில்லாது போயிற்று. பின்னர், செய்தி பொய்யாயினன்றி அவதூறாகாது என்று வாதிட்டார். தலைமை நீதிபதி அதனை ஏற்றிலர். உடனே ஹாமில்டன் ஜூரர் பன்னிருவரை நோக்கித் தம் வாதத்தைத் தொடுத்தார். அவர்கள் அந்நகரத்து மக்கள். ஆளுநர் செயல்களை நேரில் அறிந்தவர்கள். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, ஜெங்கர் குற்றவாளியல்லர் என்றனர்.

ஒரு தீர்ப்பினால் சட்டம் மாறிவிடவில்லை. உண்மையும் பொதுநன்மையும் ஒருங்கே அமையின் குற்றமில்லை என்னும் விதி இங்கிலாந்தில் 1843-இல்தான் வந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவ்விதிவிலக்கு இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையிலும் அஃது உண்டு. மறைந்தெழுதுவோர் பொறுப்பைப் பற்றிய வினாவோ, அன்று அம்மன்றத்தில் எழவேயில்லை.

1736-இல் இவ்வழக்கின் வரலாறு ஜெங்கரின் அச்சுக்கூடத்திலிருந்தே நூலாக வெளிவந்தது. அதனை எழுதியவர் அலெக்ஸாண்டர் என்பர். நூலில் அவர் பெயர் இல்லை.