டிராக் காருக்கு ஃப்யூயல் பம்ப்: ஆயிரம் ஹெச்பிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க டிராக் ரேஸ் உலகில் ஃபோர்டின் ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்கைத் தொடாத மெக்கானிக் குறைவு. எண்பதுகளின் இறுதியில் 5.0 லிட்டர் வி8 இன்ஜினும் 225 ஹெச்பியுமாக வந்த கார் அது. கம்பெனி போட்டுத் தந்த பெட்ரோல் பம்ப் மணிக்கு 88 லிட்டர் தள்ளும்; அந்த இன்ஜினுக்கு அது தாராளம். அதே காரில் டர்போ ஏற்றி ஆயிரம் ஹெச்பிக்குப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "ஆயிரம் ஹெச்பிக்கு எந்த பம்ப்ணா?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எந்த எரிபொருள், எவ்வளவு அழுத்தம், எத்தனை வோல்ட் என்று மூன்றும் தெரிந்தால்தான் எத்தனை லிட்டர் என்று சொல்ல முடியும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கினால், முழு வேகத்தில் எரிபொருள் போதாமல் கலவை மெலிந்து, பிஸ்டன் உருகிவிடும்.

படி 1: லிட்டர் கணக்கு

டர்போ இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு மணிக்குச் சுமார் 0.28 கிலோ பெட்ரோல் குடிக்கும். ஆயிரம் ஹெச்பிக்கு 280 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.74 கிலோ என்பதால், மணிக்கு 380 லிட்டர். எத்தனால் அதிகம் கலந்த இ85 என்றால் ஹெச்பிக்கு 0.4 கிலோ வரை போகும், அதாவது 500 லிட்டருக்கு மேல். மெத்தனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு கேட்கும். இந்தக் கணக்கில் சக்கரத்தில் அளந்த ஹெச்பியைப் போடாதீர்கள். இன்ஜினின் கிராங்கில் வரும் ஹெச்பிதான் கணக்கு.

இதன்மேல் இருபது சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். இ85-க்கு 600 லிட்டர் என்று வைத்து மேலே போவோம்.

படி 2: அழுத்தத்தைக் கூட்டுங்கள்

புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இன்ஜெக்டர் அமைப்பில் அடிப்படை அழுத்தம் வழக்கமாக 3 பார். டர்போ 2 பார் பூஸ்ட் தந்தால், ரெகுலேட்டர் அதற்கு ஈடாக எரிபொருள் அழுத்தத்தையும் 5 பாருக்கு ஏற்றும். இல்லாவிட்டால் உள்ளிருந்து எதிர்க்கும் பூஸ்டை மீறி இன்ஜெக்டரால் தெளிக்க முடியாது. ஆனால் அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் லிட்டர் குறையும். வால்ப்ரோ நிறுவனத்தின் 525 லிட்டர் பம்ப் புகழ்பெற்றது. அந்த 525-உம் குறைந்த அழுத்தத்தில் வரும் எண்தான். 5 பாரில் அதில் நூறு லிட்டர் அளவுக்குக் கழிந்துபோகும். ஆகவே கடைக்காரரிடம் விலைக்கு முன் பம்பின் ஃப்ளோ சார்ட்டைக் கேளுங்கள். உங்கள் அழுத்தத்துக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பாருங்கள். சார்ட் தராத பம்பை வாங்க வேண்டாம் என்பேன், பாதி விலைக்குக் கிடைத்தாலும்.

படி 3: ஒன்றா, இரண்டா, மெக்கானிக்கலா?

நம் 600 லிட்டருக்கு இப்படிப்பட்ட ஒரு பம்ப் எட்டாது. டேங்க்குக்குள் இரண்டு வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒன்று ஓட, பூஸ்ட் ஏறும்போது இரண்டாவதை இன்ஜின் கணினியான இசியு இயக்கும்படி அமைப்பது வழக்கம். நின்றிருக்கும் பம்ப் வழியாக எரிபொருள் திரும்பி ஓடாதபடி ஒவ்வொன்றுக்கும் செக் வால்வு கட்டாயம்.

"ரெண்டு இருக்கே, ஒண்ணு போனாலும் ஓடும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஐடிலில் ஓடும். முழு பூஸ்டில் இரண்டாவது பம்ப் எழாமல் போனால் இன்ஜினே போகும். அதனால் எரிபொருள் அழுத்தம் விழுந்த கணமே பவரைக் குறைக்கும்படி இசியுவில் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் விலை ஒரு பிஸ்டன் விலையைவிடக் குறைவு.

ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரம் ஹெச்பி, மெத்தனால் என்று போகிறவர்கள் இன்ஜினே சுழற்றும் மெக்கானிக்கல் பம்புக்கு மாறுகிறார்கள். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் கூடத் தள்ளும். பேட்டரிக்குச் சுமை இல்லை. தெருவிலும் ஓட்டப் போகிற காருக்கு அது ஒத்துவராது.

படி 4: டேங்க், குழாய், ஃபில்டர்

எலெக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மோசம். வெளியே பொருத்தும் பம்ப் என்றால் டேங்க்கை ஒட்டி, அதன் அடிமட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்டர். நுண்ணிய ஃபில்டரை முன்னால் போட்டால் பம்ப் மூச்சுத் திணறும்.

லான்ச் ஆகும்போது டேங்க்கில் இருப்பதெல்லாம் பின்பக்கம் ஒதுங்கும். எடுக்கும் வாய் பின்புறம், அடியில் இருக்க வேண்டும். முன்னோக்கிப் போகும் குழாயிலும் பாதிப்பு உண்டு. மூன்று மீட்டர் குழாயில் நிற்கும் பெட்ரோல், 1 ஜி முடுக்கத்தில் சுமார் 0.2 பார் எதிர்த்துத் தள்ளும். 3 பாரில் ஓடும் இன்ஜெக்டர் காரில் பம்ப் சமாளித்துவிடும். அரை பாரில் ஓடும் கார்புரேட்டர் காரில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். பல டிராக் கார்களில் சிறிய டேங்க் முன்மூக்கில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அங்கே அதே முடுக்கம் எரிபொருளை இன்ஜின் பக்கம் தள்ளிவிடுகிறது.

படி 5: வயரிங்

ஃப்ளோ சார்ட்டில் உள்ள லிட்டர் பெரும்பாலும் 13.5 வோல்ட்டில் அளந்தது. எடை குறைக்க ஆல்டர்நேட்டரைக் கழற்றிய காரில் பம்புக்குக் கிடைப்பது 12 வோல்ட்டோ அதற்கும் கீழோதான். பத்துப் பதினைந்து சதவீத லிட்டர் அங்கேயே போய்விடும். 16 வோல்ட் பேட்டரி வைக்கிறவர்கள் இதற்காகவும் வைக்கிறார்கள். அப்படி வைக்குமுன் பம்ப் அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள். பெரிய பம்ப் ஒன்று 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய வயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பம்புக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், 10 கேஜ் வயர் போடுங்கள். எர்த் வயரும் அதே தடிமன். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால், பின்புறம் வெளியிலிருந்து அணைக்கும் மெயின் சுவிட்ச் வேண்டும் என்பது அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதி. அதை அணைத்தால் இன்ஜினும் நிற்க வேண்டும், பம்பும் நிற்க வேண்டும்.

படி 6: ஓட்டுமுன் அளந்து பாருங்கள்

இன்ஜினை ஓட விடாமல், பேட்டரிக்கு சார்ஜர் கொடுத்து, இரண்டு பம்பையும் இயக்கி, ரெகுலேட்டரின் ரிட்டர்ன் குழாயை ஒரு கேனில் விடுங்கள். பூஸ்ட் குழாய் சேரும் வாயில் கைப்பம்பால் 2 பார் காற்று கொடுத்து, கேஜில் 5 பார் வந்ததும் பம்ப் முனையில் மீட்டர் வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் கேனில் 5 லிட்டர் விழுந்தால் மணிக்கு 600. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். திறந்த வெளியில் செய்யுங்கள்.

பிறகு டிராக்கில் இரண்டு கோடுகளைப் பதிவு செய்யுங்கள்: எரிபொருள் அழுத்தம், பூஸ்ட். ஓட்டம் முழுக்க இரண்டுக்கும் இடைவெளி 3 பாராகவே இருக்க வேண்டும். கடைசி கியரில் அது சுருங்கினால் காலை எடுத்துவிடுங்கள். முதலில் ஃபில்டர், அடுத்து வோல்ட், இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள்.