கால் மரத்துப்போகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் தொழிற்சாலை லைனில் நின்று வேலை பார்த்துவிட்டுக் குன்றத்தூருக்குத் திரும்புகிறவர்கள், கால் மதமதப்பை வேலையோடு சேர்ந்த ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது என்றால் பயமில்லை. இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகவில்லை, விரலில் இருந்தது கணுக்கால்வரை ஏறிவிட்டது, இரவில் எரிச்சல் தூங்கவிடவில்லை என்றால், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

இந்தத் தேடலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் போனால் செலவு குறையும், விடையும் சீக்கிரம் கிடைக்கும். பலர் எம்ஆர்ஐ ஸ்கேனில் தொடங்கி, கடைசியில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து சேர்கிறார்கள். நாம் அதைத் திருப்பிப் போட்டு, எளியதிலிருந்து தொடங்குவோம்.

எதைத் தேடுகிறோம்?

மரத்துப்போதல் ஒரு நோயின் பெயர் இல்லை. நரம்பு எங்கோ சிரமப்படுகிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அந்த இடம் பாதமாக இருக்கலாம், முழங்கால் ஓரமாக இருக்கலாம், இடுப்பாகவோ தண்டுவடமாகவோகூட இருக்கலாம்.

உடலின் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல்வரை போகின்றன. அதனால் சர்க்கரை, பி12 குறைவு, மது, சில ரசாயனங்கள் என உடல் முழுவதையும் பாதிக்கிற காரணங்கள் முதலில் இரண்டு பாதங்களிலும் தெரியும். சாக்ஸ் போட்டிருப்பது போன்ற உணர்வு என்று பலர் சொல்வது இதைத்தான். ஒரு காலில் மட்டும், ஒரு கோடு பிடித்தாற்போல் வந்தால், ஏதோ ஒரு நரம்பு ஓரிடத்தில் அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்தால் இறுக்கமான பெல்ட்கூடக் காரணமாக இருக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வரிசையெல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போவோம்.

ஒரு பக்கக் கை, கால், முகம் திடீரென மரத்துத் தளர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். மலத்துவாரத்தைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் உணர்வு போய், சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் கசிந்தாலோ, இடுப்பில் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். அங்கே மணிக்கணக்குத் தாமதமும் ஆபத்து. காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களுக்குள் மேலே ஏறி, மாடிப்படி ஏற முடியாமல், மூச்சு வாங்கினால் குய்லான் பாரே என்ற நோயைச் சந்தேகிப்பார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் பலரைத் தாக்கியது அதுதான். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தால், ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம்.

போகும் முன் ஒரு தாள்

டாக்டர் நம்மோடு இருக்கப்போவது சில நிமிடங்கள்தான். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போவோம். எப்போது, எந்த விரலில் தொடங்கியது, ஒரு காலா இரண்டுமா, இப்போது எதுவரை வந்திருக்கிறது, இரவில் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தோமா என்று வரிசையாக எழுதுவோம்.

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போவது முக்கியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும், அசிடிட்டி மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டாலும் பி12 குறையலாம். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை பி6 குறைவை உண்டாக்கி நரம்பைப் பாதிக்கலாம். சைவ உணவா, மது எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுதுவோம். கம்பெனியில் எடுத்த வருடாந்திர மெடிக்கல் ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம். போன வருடத்துச் சர்க்கரை அளவு டாக்டருக்கு நிறையச் சொல்லும்.

ரூமிலேயே ஒரு தொடு சோதனை

உடன் இருப்பவரைக் கூப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுங்கள். அவர் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடங்களில், ஓரிரு நொடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளுக்காக உருவாக்கிய சோதனை இது. காசில்லை, கருவியில்லை. முடிவைத் தாளில் குறித்துக்கொள்வோம்.

முதலில் எங்கே?

நேராக நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டியதில்லை. பொது மருத்துவர் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

இஎஸ்ஐ இருந்தால் அதைப் பயன்படுத்துவோம். 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்கள் இதில் வருகிறார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் நாம் கட்டுகிறோம், 3.25 சதவீதம் நிறுவனம் கட்டுகிறது. 18,000 ரூபாய் சம்பளத்தில் நம் பங்கு 135 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் உரிமையும் இருக்கிறது. பதிவான டிஸ்பென்சரியில் முதலில் காட்ட வேண்டும். அங்கிருந்துதான் கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குக் கடிதம் தருவார்கள்.

நல்ல டாக்டர் ஷூவைக் கழற்றச் சொல்வார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தட்டிப் பார்ப்பார், பாதத்தில் நாடி பார்ப்பார். காலைத் தொடாமலே ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், ‘ஒருமுறை காலைப் பார்த்துவிடுங்கள் டாக்டர்’ என்று நாமே கேட்போம். அதில் தவறே இல்லை.

முதல் சுற்று ரத்தப் பரிசோதனை

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, கிரியாட்டினின், முழு ரத்த அணு எண்ணிக்கை ஆகியவைதான் முதல் சுற்று. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்ற அளவைத் தொட்டால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. இந்த முன்நிலையிலேயே சிலருக்குப் பாத எரிச்சல் தொடங்கிவிடும் என்பதால் ‘பார்டர்தான்’ என்று தள்ளிப்போட வேண்டாம். பி12 அளவு 200-க்குக் கீழே இருந்தால் குறைவு. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் அறிகுறியோடு சேர்த்து டாக்டர் முடிவெடுப்பார்.

இரவு ஷிப்ட்காரர்களுக்கு ஒரு விஷயம். நடுராத்திரி கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் டீயும் குடித்துவிட்டு லேபுக்குப் போனால் அது வெறும் வயிறு ஆகாது. எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. வார விடுமுறை நாளில் கொடுப்பது நல்லது. ஹெச்பிஏ1சி மட்டும் எந்த நேரத்திலும் கொடுக்கலாம்.

எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனையிலும் இஎஸ்ஐயிலும் அநேகமாகச் செலவில்லை, நேரம்தான் போகும். தனியார் லேப் என்றால் முதல் சுற்று முழுவதற்கும் தோராயமாக 2,000 முதல் 3,000 ரூபாய். அதில் பி12 தான் விலை கூடியது. கையில் காசு குறைவாக இருந்தால் சர்க்கரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டு, பி12-ஐ மட்டும் வெளியே கொடுக்கலாம். நரம்புக் கடத்தல் பரிசோதனை தனியாரில் 2,000 முதல் 4,000 வரை, இடுப்பு எம்ஆர்ஐ 5,000-க்கு மேல். லேபுக்கு லேப் மாறும், போன் செய்து கேட்டுவிட்டே போவோம்.

தேமல் இருக்கிறதா?

இந்தப் பகுதியைத் தயங்காமல் படியுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை, அதில் தொட்டால் உணர்வில்லை என்றால் தொழுநோயைப் பார்த்தே ஆக வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உட்புறம், முழங்கை ஆகிய இடங்களில் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கலாம். சிலருக்குப் படையே இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கும்.

இந்தியா 2005 இறுதியில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. நோயாளிகள் இல்லாமல் போய்விட்டார்கள் என்பது அதன் பொருள் அல்ல. கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ. சீக்கிரம் தொடங்கினால் ஊனம் வராது, வேலையை விடவும் வேண்டாம். இந்த நோய்க்கான மத்திய அரசு நிறுவனம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியிலேயே இருக்கிறது. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய தொழுநோய் இல்லம், 1955-இல் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமானது. சந்தேகம் என்றால் நம் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான்.

வேலை இடத்தில் என்ன பயன்படுத்துகிறோம்?

பலர் டாக்டரிடம் சொல்ல மறப்பது இதைத்தான். 2009-இல் சீனாவின் சூச்சோ நகரில் வின்டெக் என்ற தொழிற்சாலையில் தொடுதிரைகளைத் துடைக்க, சீக்கிரம் காய்கிறது என்பதற்காக ஆல்கஹாலுக்குப் பதில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொடுத்தார்கள். காற்றோட்டம் போதவில்லை. தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்து, நடக்கவே முடியாமல் போனது. அங்கே 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் நிறுவனமே 2011-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் எழுதியது.

நம் லைனில் இருப்பதும் அதுதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பசை, கிளீனர், பெயின்ட் கரைப்பான், பேட்டரி ஈயம் இவற்றோடு வேலை என்றால், அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளை சேஃப்டி ஆபீசரிடம் கேட்டு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுவோம். அதே லைனில் வேறு யாருக்காவது இதே தொல்லை உண்டா என்று விசாரிப்பதும் நல்ல துப்பு. என்-ஹெக்சேன் பாதிப்பு, வேலையை விட்ட பிறகும் சில வாரம் கூடிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கும். இஎஸ்ஐ பட்டியலில் உள்ள தொழில்சார் நோய் என்று உறுதியானால் அது வேலைக் காயமாகவே கருதப்படும், ஊதிய இழப்புக்கு ஈடும் உண்டு. அதனால் தேதி போட்ட மருத்துவச் சீட்டுகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துவோம்.

இரண்டாம் சுற்று: நரம்பியல்

முதல் சுற்றில் எதுவும் கிடைக்கவில்லை, அல்லது பலவீனம் சேர்ந்துவிட்டது என்றால் நரம்பியல் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடித்துப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை எதிரிலேயே. நரம்பியல் புறநோயாளிப் பிரிவு எந்தெந்த நாள் என்று முன்பே கேட்டுவிட்டு, காலையிலேயே சீட்டுப் போட வேண்டும்.

அங்கே நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வார்கள். காலில் சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுத்து, சமிக்ஞை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பது. சுளீரென்று இருக்கும், பயப்படும்படி இருக்காது. அன்று காலில் எண்ணெய், கிரீம் தடவ வேண்டாம். சிலருக்கு ஊசி வழியாகத் தசைப் பரிசோதனையும் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொள்வோம்: இந்தப் பரிசோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் காட்டும். எரிச்சலைக் கடத்தும் நுண்ணிழைகள் கெட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். நமக்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் அல்ல. முதுகு வலியோடு ஒரு காலில் இறங்கும் மதமதப்புக்குத்தான் இடுப்பு எம்ஆர்ஐ உதவும்.

ஜாக்கிரதை

மெடிக்கல் ஷாப்பில் ‘நரம்புச் சத்து மாத்திரை’ வாங்கிப் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்காதீர்கள். பி12 அளவு உயர்ந்து காட்டி, உண்மை மறைந்துவிடும். அந்த மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் பயோட்டின் தைராய்டு முடிவையும் குழப்பும். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைவுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு தொடர்ந்து கெடும்.

விடை கிடைக்கும்வரை காலைக் காப்பாற்றுவதும் நம் வேலைதான். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு வெயிலேறும் முன் போய்விட்டு வாருங்கள், நடுப்பகல் கருங்கல் படியில் வெறுங்கால் வேண்டாம். சேஃப்டி ஷூவைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். லேஸை இறுக்கிக் கட்டாதீர்கள். இரவில் பாதத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

விடை வந்த பிறகு

நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் பி12 ஊசி போட்ட மறுவாரமே உணர்வு திரும்பவில்லை என்று டாக்டரை மாற்ற வேண்டாம். மாதங்கள் ஆகலாம். மேலும் ஏறாமல் நின்றாலே முதல் வெற்றி.

எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வைத்து, டாக்டர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில், மறுபடி காட்ட வேண்டும். அந்த ஆறு விரல் தொடு சோதனையை மாதம் ஒருமுறை செய்து முடிவை எழுதி வைப்போம். பலவீனம் புதிதாகச் சேர்ந்தாலோ கையிலும் மதமதப்பு தொடங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே போவோம்.