வெள்ளை மணலும் கறுத்த சாதாழையும்: கடலுக்கடியில் வெளிச்சம் பிடிப்பது

தண்ணீருக்கடியில் கமராவின் திரையை நம்பக்கூடாது. சின்னக் கமராவோடு கடலில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நாலைந்து மீற்றர் ஆழத்தில் சுற்றிலும் மங்கலாக இருக்கும்போது அந்தத் திரை மட்டும் பளிச்சென்று எரியும். படத்தில் வெளிச்சம் தாராளமாக இருப்பதாகக் கண் நினைத்துவிடும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் அதே படம் இருண்டு கிடக்கும். மேற்பரப்பை ஒட்டி வெயிலில் மிதக்கும்போதோ திரையில் ஒன்றுமே தெரியாது. ஆகவே படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திரையின் மூலையில் எப்போதும் போட்டு வைத்திருங்கள். அந்த வரைபடத்தின் மேடு வலது விளிம்பில் போய் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். முட்டினால் அந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் பதிந்திருக்கும், எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. ரோ (RAW) கோப்பாக எடுத்திருந்தால் இருட்டிலிருந்து நிறைய மீட்கலாம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற எங்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இல்லை. பல்கலைக்கழகமும் சந்தையும் பலாலி வீதியும் தோட்டக் காணிகளும்தான் எங்கள் சுற்றாடல். வடக்கே போனால் கீரிமலை, காங்கேசன்துறை. மேற்கே போனால் காரைநகர் கசூரினா. தெற்கே இருக்கும் பரவைக்கடல் ஆழம் குறைந்தது, சேற்றுத் தரை, லேசான காற்றுக்கே கலங்கிவிடும். கடலட்டைக்கு அது நல்ல இடம், கமராவுக்கு அல்ல. வடகரை வேறு மாதிரி. சுண்ணக்கல் தரை கடலுக்குள்ளும் நீண்டு போகிறது, அதன்மேல் முருகைக்கல், இடையிடையே வெண்மணல், அதை அடுத்துச் சாதாழை என்னும் கறுத்த கடல்தாவரப் படுக்கை. வெளிச்ச அளவைப் பழக இதைவிட நல்ல கரை வேண்டியதில்லை.

காரணம் இருக்கிறது. எந்தக் கமராவும் தன் முன்னால் இருப்பதைச் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை மணலைக் காட்டினால் வெளிச்சம் கூடிவிட்டதென்று எண்ணி இருட்டாக்கும். சாதாழையைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி வெளிற வைக்கும். ஒரே ஆழம், ஒரே வெயில், இரண்டு முழ இடைவெளி, ஆனால் இரண்டு படமும் பிழைத்துப்போகும். கசூரினாவின் தெளிந்த மணலில் கிடக்கும் நட்சத்திர மீனை எடுத்துப் பாருங்கள். கமரா சொன்னபடி எடுத்தால் மணல் சீமெந்து நிறத்தில் வரும், மீனின் கைகளில் உள்ள புள்ளிகள் அமுங்கிப் போகும். வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் கூட்டல் கழித்தல் குறியைத் திருப்பி +0.7இல் வைத்தால் மணல் மணலாகும், புள்ளிகள் எழும்பி வரும். பிறகு சாதாழை மேலே நீந்தும் ஓரா மீனுக்குத் திரும்பும்போது −0.7. கையடக்கக் கமராவில் நாம் ஆளக்கூடிய பெரிய ஆயுதம் இந்த ஒரு குறிதான். முதலில் தரையைப் பாருங்கள், பிறகு குறியைத் திருப்புங்கள், அதற்குப் பிறகுதான் மீன்.

நான் பாவிப்பது ஒலிம்பஸ் ரி.ஜி-6. உறையில்லாமலே 15 மீற்றர் ஆழம் தாங்கும், ரோ கோப்பும் தரும். மூச்சுக்குழாயோடு மிதக்கிற ஒருவருக்கு அது போதும். அதில் முழுக் கைமுறை கிடையாது, துவாரத்தையும் ஐ.எஸ்.ஓவையும் நாம் வைக்கலாம், ஷட்டரைக் கமரா தானே முடிவு செய்யும். அதனால் ஐ.எஸ்.ஓவை ஷட்டரின் கடிவாளமாகப் பிடிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 100இல் தொடங்குங்கள். திரையில் 1/60 என்று வந்தால் அலை தூக்கும் உடம்பும் ஓடும் மீனும் சேர்ந்து படத்தைக் கலைத்துவிடும். 200க்கோ 400க்கோ ஏற்றுங்கள். அசையாத கல்லுக்கு 1/125, மீனுக்கு 1/250 என்பது என் கணக்கு. 800க்கு மேல் போனால் அந்தச் சின்ன உணரியில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் விழும், அங்கே எடுக்காமல் விடுவதே மேல்.

எல்லாத் திருத்தத்தையும்விடப் பெரிய திருத்தம் கிட்டப் போவது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீற்றருக்குள் பெரும்பகுதி போய்விடும். மேலிருந்து இறங்கும் வழியில் மட்டுமல்ல, பொருளிலிருந்து லென்ஸுக்கு வரும் வழியிலும் அதே இழப்புத்தான். மூன்று மீற்றர் ஆழத்தில் கிடக்கும் கல்லை இரண்டு மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் ஐந்து மீற்றர் தண்ணீரின் நிறம்தான் வரும். போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் பொருட்கள் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். கை நீட்டினால் எட்டும் என்று பட்டாலும் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும்.

பிளாஷை நிறுத்தி வையுங்கள். கையடக்கக் கமராவில் அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் மின்னிப் படம் முழுக்க வெள்ளைப் பொட்டு விழும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சிறிய உயிரிக்கு மட்டும் போடலாம்.

வேளையும் பருவமும் பெரிய விடயம். வெயில் சாய்ந்திருந்தால் வெளிச்சத்தில் நல்ல பங்கு மேற்பரப்பிலேயே தெறித்துப் போய்விடும். எங்கள் பக்கம் சூரியன் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நடு உச்சிக்கு வருகிறது. அப்போது வெளிச்சம் நேரே கீழே இறங்கும். மீனின் முதுகு மின்னும், வயிறு இருண்டு போகும். இந்த இடத்தில் வெண்மணல் கைகொடுக்கும். கீழிருந்து அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் வயிற்றுப் பக்கத்தை நிரப்பிவிடும். மீன் சாதாழையை விட்டு மணலுக்கு மேலே வரும்வரை பொறுத்திருப்பது வீண்போகாது. வாடை வீசும் மாதங்களில் வடகரையில் இறங்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும். காலை பத்து மணிக்குப் போனால் காற்று எழும்ப முன்னம் தெளிந்த நீர் கிடைக்கும். எப்போது இறங்கினாலும் ஒரு துணையோடு இறங்குங்கள்.

தெளிந்த நாளுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் சிற்றலைகள் வெளிச்சத்தை மடித்துக் கோடுகோடாகத் தரையில் ஓடவிடும். கோடு விழுந்த இடம் வெறும் வெள்ளையாகும், விழாத இடம் இருளும். நான் −0.3 வைத்துவிட்டு அடுத்தடுத்துப் பல படங்கள் தட்டுவேன், அல்லது ஒரு மெல்லிய முகில் வரக் காத்திருப்பேன். சிறிய பொருளென்றால் என் நிழலையே அதன்மேல் விழ விடுவேன்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்பு கலந்தது. உப்புப் போகக் கழுவிவிட்டு அப்படியே காயவைத்தால் லென்ஸ் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுகள் படியும். அடுத்த முறை வெயிலுக்கு எதிரே பிடிக்கும்போது படம் முழுவதும் பனிமூட்டமாக வெளிறும். கழுவிய ஈரம் காய முன்னம் மென்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

எடுத்த படத்தை உடனே சரிபார்க்கும் வசதி எப்போதும் இருந்ததில்லை. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கி, கோணேசர் கோயிலின் இடிந்த தூண்களைக் கண்டார்கள். படச்சுருள் காலம் அது. எடுத்தது சரியா என்று கரைக்கு வந்து சுருளைக் கழுவிய பிறகே தெரியும். இன்று அந்த இடத்திலேயே ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்தலாம். அந்த வசதி எதற்கு என்று கேட்டால் என் பதில் அழகு மட்டுமல்ல. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி இலங்கையின் முருகைக்கற்கள் வெளுத்தன. உள்ளே வாழும் நுண்பாசி வெளியேறினால் கல் வெள்ளையாகும். வெளிச்சம் கூடிப்போன படத்திலும் நல்ல கல் வெள்ளையாகத்தான் தெரியும். படத்தைப் பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதற்காகவே ஒரு சின்ன வெள்ளை பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொண்டுபோய், கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுவேன். அட்டையின் வெள்ளையும் கல்லின் நிறமும் ஒரே சட்டத்தில் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. நிற அளவு அச்சிட்ட அட்டைகளைக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் இதே தேவைக்காகவே செய்து வைத்திருக்கிறது.

எங்கள் வடகரையின் பெரும்பகுதி போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அதனால் கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதைக் கரையில் வாழ்கிற நாங்களே படம்பிடித்து வைக்கவேண்டும். திகதி, இடம், ஆழம் மூன்றையும் எழுதி, திருத்தாத மூலப்படத்தை அழிக்காமல் வையுங்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நல்ல வெளிச்சம் கிடைக்கிறது என்பதற்காக முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள். நிலாவெளிப் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பின்னரும் அங்கே மிதிபட்டு உடைந்த கல் கொஞ்சமல்ல. மணலில் நின்று எடுக்க முடியாத படத்தை எடுக்காமலே விட்டுவிடுங்கள்.