அரிசி ஆலைத் தூசும் உறிஞ்சி இயந்திரமும்: தெரிவு, பொருத்துதல், பராமரிப்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஒரு நெல் விளையும் பூமி. பெரும்போகமோ சிறுபோகமோ, அறுவடை முடிந்ததும் அரிசி ஆலைகளில் வேலை மும்முரமாகும். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல் குற்றும்போது உமியிலும் தவிட்டிலுமிருந்து நுண்ணிய தூசு பறந்து வளையிலும் சுவரிலும் மோட்டாரின் மேலும் படிகிறது. அதை விளக்குமாற்றால் கூட்டுவதும் காற்றமுக்கியால் ஊதுவதும் தூசை அகற்றாது, இடம் மாற்றுவதோடு சரி. உறிஞ்சி எடுப்பதே சரியான வழி. ஆனால் உறிஞ்சும் இயந்திரத்தைப் பிழையாகத் தெரிந்தாலோ, பிழையாகப் பொருத்தினாலோ அதுவே தீக்குக் காரணமாகலாம். ஆகவே ஆலை உரிமையாளரும் தொழிலாளரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

1. தூசினால் வரும் இரண்டு ஆபத்துகள்

முதலாவது உடல்நலம். உமியின் மேற்பரப்பில் சிலிக்கா நிறைந்த நுண்மயிர்கள் உள்ளன. அவை கண்ணையும் தோலையும் உறுத்தும். 1984இல் மலேசியாவில் அரிசி ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த மருத்துவர்கள் கண் எரிவு, தோல் அரிப்பு, தொய்வு போன்ற துன்பங்களை அவர்களிடையே கண்டு பதிவு செய்தனர். அவிக்கும் அடுப்பின் உமிச் சாம்பல் இன்னும் கொடியது. அதிக வெப்பத்தில் எரிந்த சாம்பலில் நுரையீரலைக் கெடுக்கும் பளிங்குருச் சிலிக்கா இருக்கலாம்.

இரண்டாவது தீ. குவிந்து கிடக்கும் உமி மெதுவாகப் புகைந்து எரியும். அதே பொருள் மாவு போலத் தூளாகி, மூடிய இடத்தில் காற்றோடு கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாக் களஞ்சியத்தில் விளக்குச் சுடரால் இப்படி நேர்ந்தது. 1878 மே 2ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் மா ஆலை வெடித்து 18 பேர் இறந்தனர். 2008 பெப்ரவரியில் ஜோர்ஜியா மாநிலத்துச் சீனி ஆலையொன்றில் 14 பேர் இறந்தனர். அங்கே பல இடங்களில் படிந்து கிடந்த சீனித் தூசே முதல் வெடிப்பைப் பெருந்தீயாக்கியது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த படிவு பரந்து கிடந்தாலே ஆபத்து என்பது இத்துறையினரின் பொதுவான எச்சரிக்கை.

எங்கள் பகுதியில் சிறுபோக அறுவடைக் காலத்தில் கச்சான் காற்று வீசும். அப்போது தூசு நன்றாகக் காய்ந்திருக்கும். நிலைமின்னும் எளிதில் சேரும். அதிக கவனம் வேண்டிய காலம் அது.

2. உறிஞ்சுதல் என்றால் என்ன?

இயந்திரம் தூசைப் பிடித்து இழுப்பதில்லை. குழாயினுள் அமுக்கம் குறைய, வெளியிலுள்ள வளி உள்ளே தள்ளப்படுகிறது. அந்த வளியோடு தூசும் போகிறது. வளிமண்டலம் நீரை 10.3 மீற்றர் உயரத்துக்கு மேல் தள்ளாது. எந்த உறிஞ்சியும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

தள்ளிச் செல்லும் உறிஞ்சி நீரை இரண்டு மீற்றர் வரை உயர்த்தும் பலமுடையது. ஆனால் அதில் ஓடும் வளி குறைவு. தரையையும் வளையையும் துப்புரவாக்க அது ஏற்றது. நிலையான விசிறித் தொகுதி நீரை 20 அல்லது 30 சென்ரிமீற்றர் மட்டுமே உயர்த்தும். ஆனால் பெருமளவு வளியை இழுக்கும். உமி நீக்கி, எலிவேட்டர், பொலிஷர் ஆகியவற்றில் எழும் தூசை எழும் இடத்திலேயே பிடிக்க இதுவே வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

3. தெரிவு செய்தல்

வீட்டு உறிஞ்சியை ஆலைக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் மோட்டாரிலுள்ள கரித் தூரிகைகளில் பொறி பறப்பது வழக்கம்.

தொழிற்சாலை உறிஞ்சிகளில் எல், எம், எச் என வடிகட்டும் வகுப்புகள் உண்டு. எல் வகுப்பு 99 வீதத்தையும், எம் 99.9 வீதத்தையும், எச் 99.995 வீதத்தையும் பிடிக்க வேண்டும். சாம்பலுக்கு எச் வகுப்பு வேண்டும். ஆனால் இந்த எழுத்துகள் நுரையீரலுக்குத்தான் பாதுகாப்புச் சொல்கின்றன. தீயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெடிக்கக்கூடிய தூசுக்கு ஏற்றது என்ற தனிச் சான்று உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

4. பொருத்துதல்

விளக்கை ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. குழாயின் வாயிலிருந்து அதன் விட்டமளவு தூரம் விலகினாலே வளியின் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே உறிஞ்சும் வாய் தூசு எழும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

குழாயினுள் வளி செக்கனுக்கு 18 முதல் 20 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். குறைந்தால் தூசு குழாயிலேயே தங்கும். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குச் செக்கனுக்குச் சுமார் 0.35 கனமீற்றர் வளி தேவை. பெரிய குழாய் நல்லது என்று எண்ணி மாற்றினால் வேகம் விழுந்துவிடும்.

பிளாஸ்ரிக் குழாயில் நிலைமின் சேரும். உலோகக் குழாய் போட்டு, ஒவ்வொரு மூட்டையும் கம்பியால் இணைத்துப் புவியிணைப்புச் செய்யுங்கள். தூசு முதலில் சைக்கிளோனுக்கும், பின்னர் துணிப்பை வடிகட்டிக்கும், கடைசியில் விசிறிக்கும் போகட்டும். அப்போது சுத்தமான வளியே விசிறியைக் கடக்கும். வடிகட்டி கட்டிடத்துக்கு வெளியே, ஆட்கள் நடமாடாத பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வெடிப்பு அமுக்கத்தை வெளிவிடும் கதவு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைப் பொறியியலாளரே கணிக்க வேண்டும். நெல் உள்ளே போகும் வழியில் காந்தம் வையுங்கள். ஆணியும் பொறியை உண்டாக்கும்.

மோட்டாரையும் ஆளிப் பெட்டியையும் 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் ஊரில் ஏறிய மட்டத்துக்கு மேலே அமையுங்கள். மின்வேலையை அனுமதி பெற்ற மின்னியலாளரே செய்ய வேண்டும்.

5. பராமரிப்பு

நாள்தோறும்: தூசுப் பெட்டியை வேலை முடிந்ததும் வெறுமையாக்குங்கள். இரவில் விட்டால் உள்ளே புகைந்து எரியலாம். சூடான சாம்பலை ஒருபோதும் உறிஞ்ச வேண்டாம்.

வாரந்தோறும்: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் துளையிட்டு, நிறநீர் நிரப்பிய, ஊ வடிவில் வளைந்த கண்ணாடி போன்ற குழாயை இணைத்துவிட்டால் செலவில்லாத அமுக்கமானி கிடைக்கும். இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதுங்கள். தயாரிப்பாளர் குறித்த அளவை மீறி ஏறினால் பை அடைத்துவிட்டது. திடீரென விழுந்தால் பை கிழிந்திருக்கலாம், அல்லது விசிறியில் கோளாறு இருக்கலாம்.

மாதந்தோறும்: விசிறியின் பேரிங் சூடேறுகிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். வாவிக்காற்றின் உப்பு புவியிணைப்புக் கம்பியின் மூட்டுகளை அரிக்கும். மாரி முடிந்ததும் அவற்றைச் சுரண்டி இறுக்கி, மின்னியலாளரைக் கொண்டு சோதியுங்கள்.

திறக்கும் முன் பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டி, திறப்பைத் திறப்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசகற்றலையும் எரியக்கூடிய தூசுக்கான முன்னெச்சரிக்கையையும் முதலாளியின் கடமையாக்குகிறது. கூட்டுகின்ற பெண்ணுக்குத் துணியைக் கட்டிக்கொள் என்று சொல்வதோடு அந்தக் கடமை முடிவதில்லை.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் ஊர் ஆலையில் தூசு அதிகம் எழும் மூன்று இடங்கள் எவை? அதன் அருகே வேலை செய்பவர் யார்?
2. அங்கு பொறி உண்டாகக்கூடிய பொருட்களை வரிசைப்படுத்துங்கள்.
3. தனி ஆலைக்கு இயந்திரம் வாங்க வசதியில்லையெனில், தள்ளிச் செல்லும் உறிஞ்சி ஒன்றைப் பல ஆலைகள் கூட்டாக வாங்கிப் பராமரிக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?